மெத்தையா பலகையா: லாங் ரைடுக்கு சீட்டை என்ன பண்ணலாம்

பெரம்பலூர் தாண்டி ஒரு டீக்கடைல வண்டிய நிறுத்தினேன். வீட்டம்மா இறங்கி ரெண்டு நிமிஷம் இடுப்பப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க, அப்புறம் ரொம்ப அமைதியா "ஏங்க, நான் திருச்சில பஸ் ஏறிடுறேன், நீங்க மெதுவா வாங்க"ன்னாங்க. கோவமா சொல்லியிருந்தா கூட சமாளிச்சிருப்பேன், அமைதியா சொன்னதுதான் பயமா இருந்துச்சு. உண்மைய சொல்லணும்னா அந்த பஸ்ல எனக்கும் ஒரு ஜன்னல் சீட் கிடைக்குமான்னுதான் உள்ளுக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு, ஏன்னா விக்கிரவாண்டி டோல் தாண்டினதுல இருந்தே எனக்கு பின்பக்கம் மரத்துப்போய், ஒரு பக்கமா சரிஞ்சு சரிஞ்சு உக்காந்துதான் ஓட்டிட்டு வந்தேன். சென்னை - மதுரை மொத்தமே 460 கிலோமீட்டர் சொச்சம்தான், அதுல பாதி கொஞ்சம் தாண்டினதுக்கே இந்தக் கதி.

அன்னைக்கு ஆரம்பிச்ச ஆராய்ச்சி ரெண்டு வருஷம் ஓடிச்சு. ஜெல் பேட், மெஷ் கவர், ஏர் குஷன், கடைசியா சீட்டையே பிரிச்சு ஃபோம் மாத்துறதுன்னு நாலு விதமா காசு செலவு பண்ணியாச்சு. வண்டி 350 சிசி சிங்கிள் சிலிண்டர், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, கூட வர்ற பசங்க வேற வேற கம்பெனி வண்டி வச்சிருக்காங்க, அவங்களும் டீக்கடைல இறங்கினதும் அதே இடத்தத்தான் தேச்சுக்குறாங்க.

என் தீர்ப்ப முன்னாடியே சொல்லிடுறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். தினமும் ஆபீஸ் போய்ட்டு வருஷத்துக்கு நாலஞ்சு தடவ ஊருக்கு வண்டிலயே போற ஆளா இருந்தா லோக்கல் சீட் கடைல கெட்டியான ஃபோம் போட்டு ஷேப் பண்ணிக்கோங்க, மேல ஒரு மெஷ் கவர் மாட்டிக்கோங்க. ஒரே நாள்ல 600, 700 கிலோமீட்டர் அடிக்கிற ஆளா இருந்தா ஏர் குஷனையும் யோசிக்கலாம். ஜெல் பேட் மட்டும் வேணாம், நம்ம வெயிலுக்கு சுத்தமா வேணாம்.

சரி, முதல்ல ஏன் வலிக்குதுன்னு பாத்துடுவோம், இது புரியாமதான் நான் முதல் 1,150 ரூபாய விட்டேன். நம்ம உக்காரும்போது உடம்பு வெயிட்ல பெரும்பகுதி இடுப்பெலும்போட அடில இருக்கிற ரெண்டு முட்டுலதான் இறங்குது, கைய அடில வச்சு உக்காந்து பாத்தா குத்தும், அதுதான். அந்த ரெண்டு முட்டுக்கும் சீட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிற சதைல ரத்த ஓட்டம் குறையும், முதல்ல எரியும், அப்புறம் மரத்துப்போகும். வீட்ல சோபால உக்காந்தா நம்மள அறியாமலே நெளிஞ்சுக்கிட்டே இருப்போம், வண்டில அது முடியாது. இதோட வேர்வை சேந்துச்சுன்னா தோல் ஈரமாகி ரெக்சின்ல ஒட்டும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உராயும், நாலு மணி நேரத்துல வேர்க்குரு மாதிரி பொரிஞ்சிடும். ஆக அழுத்தம் ஒண்ணு, சூடும் ஈரமும் ஒண்ணு, ரெண்டும் வேற வேற வியாதி, மருந்தும் வேற வேற. கடைல விக்கிற பாதி சாமான் ஒண்ணுக்கு மருந்தா இருந்து இன்னொண்ண அதிகமாக்கிடும்.

சாஃப்டா இருந்தா நல்லதுன்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். கடைல போய் கட்டை விரலால அமுக்கிப் பாப்போம், அமுங்கினா "ஆஹா"ன்னு வாங்கிடுவோம். சாஃப்ட் ஃபோம் முதல் அரை மணி நேரம் சொர்க்கம், அப்புறம் நம்ம வெயிட்டுக்கு முழுசா அமுங்கி அடில இருக்கிற பிளாஸ்டிக் பேஸ்லயே நேரா உக்காந்த மாதிரி ஆயிடும். அமெரிக்கால அயர்ன் பட் அசோசியேஷன்னு ஒரு சங்கம் இருக்கு, பேருக்கு அர்த்தமே இரும்புப் பின்பக்கம்தான், 24 மணி நேரத்துல 1,000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிக் காட்டினா சர்டிபிகேட் தருவாங்க, நம்ம ஊர் ஆளுங்களும் நிறைய பேர் வாங்கியிருக்காங்க. அந்த மாதிரி ஆளுங்க வண்டிய நிறுத்தியிருக்கும்போது சீட்டத் தொட்டுப் பாருங்க, பாதிக்கு மேல பலகை மாதிரிதான் இருக்கும். அமெரிக்கால கார்பின்னு ஒரு பேர் போன சீட் கம்பெனி, அவங்க சீட்டும் கெட்டியா இருக்கிறதுக்குத்தான் பேர் வாங்கினது. ஆனா சும்மா பலகை கிடையாது, உடம்பு வளைவுக்கு ஏத்த மாதிரி குழி விட்ட பலகை, வெயிட் அந்த ரெண்டு முட்டுல மட்டும் நிக்காம தொடை வரைக்கும் பரவுற மாதிரி இருக்கும்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி சும்மா பண்ணக்கூடிய வேலை கொஞ்சம் இருக்கு, அத முடிச்சுட்டு வாங்க. பின் பாக்கெட்ல பர்ஸ் வச்சுட்டு ஓட்டாதீங்க, ஒரு பக்கம் இடுப்பு தூக்கிக்கிட்டு கால் வரைக்கும் இழுக்கும். ஜீன்ஸ் பேண்ட்ல நடுவுல நாலு தையலும் ஒண்ணு கூடுற இடம் கயிறு மாதிரி தடிப்பா இருக்கும், 300 கிலோமீட்டர் அது மேல உக்காந்தா என்ன ஆகும்னு நான் விவரிக்க விரும்பல. அப்புறம் பின் ஷாக்கோட ப்ரீலோடு, அதாவது ஷாக் ஸ்பிரிங்க எவ்வளவு இறுக்கி வைக்கிறதுங்கிற செட்டிங். பெரும்பாலான வண்டில அஞ்சு ஸ்டெப் இருக்கும், அத திருப்ப டூல் கிட்ல ஒரு சி ஸ்பேனர் குடுத்திருப்பான், அத வெளிய எடுத்தவங்க எத்தன பேருன்னு எனக்கு சந்தேகம்தான். தனியா ஓட்டும்போது அஞ்சாவதுல இருந்தா ஒவ்வொரு பள்ளமும் நேரா முதுகுத்தண்டுல வந்து விழும், ரெண்டு பேரும் லக்கேஜும் ஏத்திட்டு ஒண்ணாவதுல இருந்தா ஷாக் அடி வரைக்கும் போய் முட்டும். நான் ஒன்றரை வருஷம் தனியா நாலாவதுல ஓட்டிட்டு சீட்டத் திட்டிட்டு இருந்தேன், ரெண்டாவதுக்கு எறக்கினதும் வலி கால்வாசி குறைஞ்சிருச்சு, பத்து பைசா செலவில்ல.

இன்னொண்ணு சரிவு. நிறைய வண்டில சீட் முன்னாடி டேங்க் பக்கமா லேசா சரிஞ்சிருக்கும், பிரேக் அடிக்க அடிக்க முன்னாடி வழுக்கி டேங்க்ல முட்டிக்கிட்டு உக்காருவோம், திரும்ப பின்னாடி தள்ளிக்குவோம், திரும்ப வழுக்குவோம். இந்த வழுக்கல்தான் உராய்வுக்குப் பாதி காரணம். இதுக்கு மேல என்ன பேட் வாங்கிப் போட்டாலும் பேடோட சேந்து வழுக்குவீங்க, அவ்வளவுதான். சரிவை ஃபோம வச்சுதான் சரி பண்ணணும், வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இப்ப சாமான்களுக்கு வருவோம். நான் முதல்ல வாங்கினது ஜெல் பேட், 1,150 ரூபா. கடைல ஏசி ஓடிட்டு இருந்துச்சு, தொட்டா ஜில்லுனு இருந்துச்சு, கடைக்காரர் ஒரு முட்டைய அது மேல போட்டு உடையலன்னு காட்டாத குறைதான். ஜெல் ஃபோம் மாதிரி அமுங்குற சாமான் கிடையாது, ஒரு பக்கம் அழுத்தினா இன்னொரு பக்கம் நகரும், அதனால அழுத்தத்த ஓரளவு பரப்பி விடும், அது உண்மைதான், இல்லன்னு சொல்லல. ஆனா காத்து உள்ள போக வழியே இல்ல, வெயில்ல நின்னா சூட்ட உறிஞ்சு வச்சுக்கும், சீக்கிரம் விடவும் விடாது. மேல்மருவத்தூர்ல மதியம் பன்னெண்டு மணிக்கு சாப்பிட நிறுத்திட்டு இருபது நிமிஷம் கழிச்சு வந்து உக்காந்தேன், தோசைக்கல்லு. அதோட வாரு போட்டுக் கட்டுற பேடுங்கிறதால வளைவுல லேசா நகரும், அது இன்னும் டேஞ்சர். ஜெல் வேணும்னே ஆசையா இருந்தா சீட் கடைல சின்ன ஷீட்டா வெட்டி ஃபோமுக்கு உள்ள, மேல அரை இஞ்ச் ஃபோம் மூடுற மாதிரி வச்சுத் தைப்பாங்க, அது இதவிட தேவல. என்னோடது இப்ப வீட்ல கம்ப்யூட்டர் சேர்ல கிடக்கு, ஃபேனுக்கு அடில நல்லாத்தான் இருக்கு.

மெமரி ஃபோம் பத்தி நிறைய பேர் கேப்பாங்க. 1966ல நாசாவுக்காக விமான சீட்டுக்கு கண்டுபிடிச்ச சாமான், அதனால விளம்பரத்துல ராக்கெட்டெல்லாம் பறக்கும். அதோட குணமே சூட்டுக்கு ஏத்த மாதிரி மாறுறதுதான், சூடா இருந்தா இளகும், குளிர்ல இறுகும். வேலூர் மே மாச வெயில்ல அது களி மாதிரி இளகி அடி வரைக்கும் போயிடும், ஊட்டில காலைல ஏழு மணிக்கு உக்காந்தா செங்கல். தலகாணிக்கு அருமையான சாமான், சீட்டுக்கு மேலாப்புல ஒரு மெல்லிசு லேயரா வேணா போடலாம், முழுசா அதையே போட்டு எனக்கு 200 ரூபா ஸ்பாஞ்சு மாதிரிதான் இருக்குன்னு ஒரு பையன் புலம்பிட்டு இருக்கான் எங்க ஆபீஸ்ல.

மெஷ் கவர்தான் இந்த மொத்த ஆராய்ச்சில எனக்கு ஆச்சரியம். 480 ரூபா. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா, ரெண்டு வலைக்கு நடுவுல நைலான் நூல் நிமிந்து நிக்கிற மாதிரி பின்னியிருப்பான், உக்காந்தாலும் முழுசா படுத்துக்காது, உடம்புக்கும் ரெக்சினுக்கும் நடுவுல அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும், வண்டி ஓடும்போது அதுக்குள்ள காத்து போகும். அழுத்தத்துக்கு இது ஒண்ணும் பண்ணாது, எதிர்பாக்காதீங்க. சூடு, வேர்வை, ஒட்டுறது, இது மூணும் பாதியா குறைஞ்சுபோச்சு. வெயில்ல நிறுத்தினா கருப்பு ரெக்சின் நேரா தொடையச் சுடாது. மழைல நனைஞ்சா ரெண்டு உதறு உதறினா போதும். வருஷத்துக்கு ஒருதடவ படுத்துப்போயிடும், புதுசு வாங்கணும், அவ்வளவுதான் குறை. வாங்கும்போது அடில கிரிப் இருக்கான்னு பாத்து வாங்குங்க, வழவழன்னு இருந்தா விட்டுடுங்க.

டாக்சி டிரைவருங்க சீட்ல போட்டிருப்பாங்களே மரமணி கோத்த விரிப்பு, அதுவும் இதே வேலையத்தான் பண்ணுது, காத்துக்கு இடம் விடுது. கார்ல ஓகே, பைக்ல நரம்பு அறுந்து மணி ரோட்ல உருண்டுபோகும், ஒரு பிரண்டு திண்டிவனம் பைபாஸ்ல மணி பொறுக்கினத நேர்ல பாத்தவன் நான். ஆட்டுத்தோல் கம்பளியோட போடுறது ஆஸ்திரேலியா, அமெரிக்கா பக்கம் லாங் ரைடு ஆளுங்க ரொம்ப நாளா பண்றது, கம்பளிக்கு ஒரு குணம், தன் வெயிட்ல மூணுல ஒரு பங்கு அளவுக்கு ஈரத்த உறிஞ்சுக்கும், ஆனா தொட்டா ஈரமா தெரியாது. நம்ம ஊருக்கு? ஐப்பசி மழைல ஒருதடவ நனைஞ்சா காயுறதுக்குள்ள தீபாவளி முடிஞ்சிடும், வாசமும் அப்படி. அதுக்கு நம்ம தாத்தா காலத்து டெக்னிக், ஒரு பருத்தித் துண்ட நாலா மடிச்சு சீட்ல போட்டு உக்காந்து, டீ குடிக்க நிறுத்தினதும் எடுத்து உதறி ஹேண்டில்ல காயப்போடுறது, பைசா செலவில்லாம பாதி வேலை செய்யும், நகராம மட்டும் பாத்துக்கணும்.

ஏர் குஷன் கொஞ்சம் சீரியஸான விஷயம். இதோட மூலம் சக்கர நாற்காலி. நாள் முழுக்க உக்காந்தே இருக்கிறவங்களுக்கு அழுத்தப் புண் வராம இருக்க ரோஹோன்னு ஒரு கம்பெனி முட்டை அட்டை மாதிரி தனித்தனி காத்துக் குமிழ் வச்ச குஷன் பண்ணாங்க, எல்லாக் குமிழும் உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கும், ஒரு இடத்துல அழுத்தினா காத்து அடுத்த குமிழுக்குப் போயிடும். அதே ஐடியாவ பைக்குக்கு ஏர்ஹாக்னு கொண்டு வந்தாங்க. அது இங்க வெலை ஜாஸ்தி, நான் வாங்கினது அதே மாதிரி பண்ண ஒரு லோக்கல் சாமான், 2,300 ரூபா.

அழுத்தத்துக்கு இதவிட நல்ல மருந்து நான் பாத்ததில்ல. மரத்துப்போறது சுத்தமா நின்னுபோச்சு. ஆனா எல்லாரும் பண்ற தப்ப நானும் பண்ணேன், பலூன் மாதிரி டைட்டா ஊதிட்டேன், வண்டி மேல பந்து வச்சு உக்காந்த மாதிரி ஆடிச்சு, லாரிய ஓவர்டேக் பண்ணும்போது எனக்கு கலங்கிடுச்சு. சரியான முறை என்னன்னா ஊதிட்டு மேல உக்காந்து, பின்பக்கம் கிட்டத்தட்ட சீட்ல தட்டுற வரைக்கும் வால்வத் திறந்து காத்த விடணும், நம்மளுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு விரல் கனத்துக்கு காத்து இருந்தா போதும். கண்ணால பாத்தா தொளதொளன்னு, காத்தே இல்லாத மாதிரி இருக்கும், அதுதான் கரெக்ட்.

இன்னொரு கூத்து மலைல. மேட்டுப்பாளையத்துல கரெக்டா செட் பண்ணிட்டு ஏறினேன், குன்னூர் தாண்டினதும் குஷன் கல்லு மாதிரி ஆயிடுச்சு, என்னடா வெயில்கூட இல்லயேன்னு பாத்தா, ஊட்டி 2,240 மீட்டர் ஒசரம், அங்க வெளிக்காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல முக்கால் பங்குதான் சொச்சம், உள்ள இருக்கிற காத்து அதுக்கு ஏத்த மாதிரி உப்பிக்கும். லேஸ் பாக்கெட் மலைல உப்புற அதே கதை. ஏறும்போது கொஞ்சம் விடணும், இறங்கினப்புறம் கொஞ்சம் ஊதணும், மறந்தீங்கன்னா கீழ வந்தப்புறம் பேஸ்ல உக்காந்துட்டு இருப்பீங்க. உயரமும் கொஞ்சம் கூடும், பஞ்சர் ஆனா அந்த ட்ரிப்புக்கு அவ்வளவுதான். சிட்டிக்குள்ள மாட்டிட்டு சுத்துறதுக்கு இது சரிப்படாது, சிக்னல்ல நிறுத்திட்டு கடைக்குப் போனா எவனாவது கழட்டிட்டும் போயிடுவான். ஹைவேக்கு மட்டும் எடுத்து மாட்டுற சாமான்.

இப்ப மெயின் பிக்சர். சீட்டையே பிரிச்சு ஃபோம மாத்துறது.

சென்னைல வண்டி சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் எல்லாருக்கும் தெரியும், ஆனா இதுக்கு அங்கதான் போகணும்னு இல்ல, எந்த ஊர்லயும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ சீட் தைக்கிற கடை ஒண்ணு இருக்கும், அங்க வேலை தெரிஞ்ச கை இருந்தா போதும். நான் போன கடை பாய் முப்பது வருஷமா தைக்கிறவர். "பாய், நல்லா மெத்து மெத்துன்னு வேணும்"னேன், "தம்பி, மெத்துன்னு வேணும்னா வீட்ல படுத்துக்கோ, இது உக்கார்ற சாமான்"னுட்டார். அப்பவே முடிவு பண்ணிட்டேன் இவர்தான் ஆளுன்னு.

ஒரிஜினல் சீட்ல கை வைக்காதீங்க, இது முக்கியமான விஷயம். புதுப்பேட்டைல அதே மாடலோட பழைய சீட் ஒண்ணு தேடி 700 ரூபாய்க்கு வாங்கினேன், ரெக்சின் கிழிஞ்சிருந்தது, பரவால்ல, பேஸ் உடையாம லாக் கொக்கி சரியா இருந்தா போதும். சோதனை எல்லாம் அதுல. நாளைக்கு வண்டிய விக்கும்போது ஒரிஜினல மாட்டிக் குடுத்துடலாம்.

ஃபோம் விஷயத்துல டென்சிட்டின்னு ஒரு வார்த்தைய எல்லாரும் சொல்லுவாங்க, 32, 40ன்னு. அது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தன கிலோங்கிற கணக்கு, எவ்வளவு கெட்டிங்கிறதுக்கு அது அளவு கிடையாது. டென்சிட்டி கூட இருந்தா சீக்கிரம் படுத்துப்போகாம உழைக்கும், அதே டென்சிட்டில சாஃப்டும் வரும் ஹார்டும் வரும். அதனால நம்பரக் கேட்டுட்டு அமுக்கியும் பாக்கணும், விரலால இல்ல, முழங்கைய ஊனி வெயிட்டப் போட்டுப் பாக்கணும். அப்புறம் ரீபாண்ட், கலர் கலரா துண்டு துண்டா ஒட்டின மாதிரி இருக்குமே, பழைய ஃபோம அரைச்சு கம் போட்டு அழுத்திப் பண்றது, மெத்தைக் கடைல கிடைக்கும், நல்ல கெட்டி. பாய் பண்ண காம்பினேஷன் இதுதான்: கம்பெனி அச்சுல வார்த்த பழைய ஃபோம அடில அப்படியே விட்டுட்டார், அது நல்ல தரம்தான், ஷேப்தான் சரியில்லன்னார். உக்கார்ற இடத்துல ஒரு இஞ்ச் குடைஞ்சு எடுத்துட்டு அங்க ரீபாண்ட், அது மேல அரை இஞ்ச் 40 டென்சிட்டி சாஃப்ட். முன்பக்கம் சரிவுக்கு டேங்க் பக்கமா ஃபோம் ஏத்தி சமமாக்கிட்டார், பின்பக்கம் லேசா ஒரு வரப்பு மாதிரி தூக்கி விட்டார், ஆக்சிலேட்டர் முறுக்கும்போது பின்னாடி நழுவாம இருக்க.

அகலம் எவ்வளவு வேணும்னு கேட்டார், எனக்குத் தெரியல. அதுக்கு வீட்லயே ஒரு வழி இருக்கு, சைக்கிள்காரங்க பண்றது. டிவி பெட்டி அட்டை மாதிரி நெளிநெளி அட்டை ஒண்ண பலகை மேல போட்டு, மெல்லிசான துணியோட உக்காந்து, முழங்கால லேசாத் தூக்கி ஒரு நிமிஷம் இருந்தா அந்த ரெண்டு முட்டும் அட்டைல குழி விழுந்திருக்கும், நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி அளந்துக்கோங்க. எனக்கு 12 சென்டிமீட்டர். அந்த ரெண்டு குழியும் கெட்டி ஃபோம் மேல விழணும், ஓரத்துல தொங்கக்கூடாது. அதுக்காக ரொம்ப அகலமாக்கினா தொடை உள்பக்கம் உரசும், கால் தரைல எட்டாது. உயரம் அரை இஞ்ச் கூடினாலே குட்டையா இருக்கிறவங்களுக்கு சிக்னல்ல தெரியும், எனக்கு அஞ்சடி ஆறு இஞ்ச், குதிகால் லேசா தூக்குது இப்ப, பழகிடுச்சு. ஆனா அதே அரை இஞ்சால முழங்கால் மடக்கல் குறைஞ்சு கால் வலி போச்சு, இது எதிர்பாக்காத லாபம்.

முதல் தடவையே சரியா வராது, அதையும் சொல்லிடுறேன். மேல ரெக்சின் தைக்காம ஃபோம் மேல பழைய கவர சும்மா இழுத்து மாட்டிட்டு செங்கல்பட்டு வரைக்கும் போய்ட்டு வந்தேன், இடது பக்கம் ஒரு கோடு குத்துச்சு. பாத்தா ரெண்டு ஃபோம் ஒட்டுற இடத்துல கம் காஞ்சு கெட்டியாயிருக்கு, அது நேரா எலும்புக்கு அடில வந்துடுச்சு. திரும்பப் பிரிச்சு ஒட்டு தொடைப் பக்கம் வர்ற மாதிரி மாத்தினார். அதனால கடைக்காரர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க, ரெண்டாவது தடவ திருத்தத்துக்கு வருவேன்னு. ரெக்சின் தைக்கும்போது உக்கார்ற இடத்துல தையலே வராத மாதிரி கேளுங்க, டைமண்டு டைமண்டா தையல் போட்டா பாக்க கெத்தா இருக்கும், ஆனா ஒவ்வொரு ஊசி ஓட்டையும் மழைத்தண்ணிக்கு வாசல், ஒருதடவ ஃபோம் ஊறிடுச்சுன்னா ரெண்டு நாளைக்கு உக்காரும்போதெல்லாம் பேண்ட் நனையும். ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுங்க. வழவழ ரெக்சின் வேணாம், சொரசொரப்பா இருக்கிறது நழுவாது. வாங்கிட்டு கிளம்புறதுக்கு முன்னாடி சீட் லாக் ரெண்டு தடவ போட்டுப் பாருங்க, ஓரத்துல ஃபோம் தடிச்சா கொக்கி மாட்டாது. மொத்தம் 1,900 ரூபா, அரை நாள் வேலை, பிளஸ் அந்த 700.

கம்பெனி டூரிங் சீட்? ராயல் என்ஃபீல்டு மாதிரி கம்பெனிங்க சில மாடலுக்கு ஆக்சசரியா தனி டூரிங் சீட்டே விக்கிறாங்க, அப்படியே மாட்டிக்கலாம், லாக் பிரச்சினை இல்ல, தையல் நீட்டா இருக்கும். பாய் மாதிரி ஆள் உங்க ஊர்ல இல்லன்னா, அலைய டைம் இல்லன்னா இது நல்ல சாய்ஸ்தான். ஆனா அதுவும் எல்லாருக்கும் பொதுவா ஒரே அளவுல பண்றது, 60 கிலோ ஆளுக்கும் 95 கிலோ ஆளுக்கும் ஒரே ஃபோம். ஷோரூம்ல டெமோ வண்டில மாட்டியிருந்தா அஞ்சு நிமிஷம் உக்காந்து பாத்து முடிவு பண்ணாதீங்க, யாராவது வச்சிருக்கிற பிரண்டோட வண்டிய வாங்கி ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க.

பேட் வச்ச சைக்கிள் ஷார்ட்ஸ் பத்தி ஆம்பளைங்க பேசவே வெக்கப்படுறாங்க, ஏன்னு தெரியல. 900 ரூபாய்க்கு வாங்கி பேண்டுக்கு உள்ள போட்டேன், அதுக்கு உள்ள ஜட்டி போடக்கூடாது, போட்டா அந்தத் தையல் குத்தி காசு வீண். உராய்வுக்கு நல்லா கேக்குது. மதியத்துல புழுங்கும்தான், ஆனா வாடகை வண்டி, பிரண்டு வண்டின்னு எந்த வண்டில போனாலும் நம்மகூடவே வர்ற ஒரே தீர்வு இதுதான்.

வால் எலும்பு பத்தி ஒரு வார்த்தை. கால முன்னாடி நீட்டி சாஞ்சு உக்கார்ற குரூசர் வண்டில வெயிட் பின்னாடி வால் எலும்புகிட்ட போகும். ரெண்டாம் உலகப் போர்ல ஜீப்ல குதிச்சு குதிச்சுப் போன அமெரிக்க சிப்பாய்ங்க நிறைய பேருக்கு அந்த இடத்துல கட்டி வந்து, டாக்டருங்க அதுக்கு ஜீப் வியாதின்னே பேர் வச்சாங்க. அந்த இடத்துல வீக்கம், சீழ், ரத்தம்னு ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட போங்க, சீட் கடைக்குப் போகாதீங்க. மத்தபடி எந்த சீட்டா இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவ இறங்கி ரெண்டு நிமிஷம் நடக்கணும், ஓட்டும்போதே காலி ரோட்ல ஃபுட்ரெஸ்ட்ல லேசா எழும்பி ஒரு பத்து செகண்டு ரத்தம் ஓட விடணும், என்னோட 2,600 ரூபா சீட்டும் இது இல்லாம மதுரை வரைக்கும் தாங்காது.

பின்னாடி உக்கார்றவங்க கதை தனி. அவங்க கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு மேலயே உக்காந்திருக்காங்க, பள்ளம் முதல்ல அவங்களுக்குத்தான். நம்மள மாதிரி முன்னாடி பிடிச்சுக்க ஹேண்டில்பார் இல்ல, பள்ளம் வர்றது முன்னாடி தெரியாது, நம்ம முதுகுதான் அவங்க பாக்குற சீன். ஃபோம் மாத்தும்போது பின் சீட்டுக்கும் அதே ரீபாண்ட் போட்டு, அகலம் ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் கூட்டினார் பாய். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனோம், பெரம்பலூர் வந்துச்சு, நான் கண்ணாடில பாத்துக்கிட்டே இருந்தேன், ஒண்ணும் சொல்லல. திருச்சி பைபாஸ் தாண்டி விராலிமலைகிட்ட தோளத் தட்டினாங்க. "உக்கார்ற இடம் பரவால்லங்க, முதுகுக்கு சாய ஒண்ணும் இல்லயே"ன்னாங்க. பேக் ரெஸ்ட் வைக்கணும்னா கேரியர்ல ஒரு கம்பி வெல்டிங் பண்ணி அதுல குஷன் போல்ட் போடணும்கிறார் பாய், போட்டா சைடு பேக் மாட்டுற வாரு எங்க போகும்னு எனக்கு இன்னும் புரியல, சனிக்கிழமை வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கார்.